குழல் ஒண்ணு... அச்சு ரெண்டு!

உங்க வீட்டுப் பரணில் ஒரு முறுக்குக் குழல் கண்டிப்பா இருக்கும். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி இறங்கும், பொங்கல் முடிஞ்சதும் திரும்ப ஏறிடும். அதில் மூணு கண் அச்சைப் போட்டா முறுக்கு. பொடிக் கண் அச்சைப் போட்டா ஓமப்பொடி. நீளக் கீறல் அச்சைப் போட்டா ரிப்பன் பக்கோடா. குழல் அதே குழல், கைப்பிடி அதே கைப்பிடி. மாத்தினது ஒரு சின்ன வட்டத் தகடு மட்டும்தான்.

இந்த வாரம் நாம பார்க்கப் போறது, உங்க செல்லுக்குள்ள கொழுப்பைத் துண்டு போடும் சில நொதிகளைப் பற்றி. அங்கேயும் இதே கூத்துதான் நடக்குது. ஜீன் ஒண்ணு. அதில் ஒரே ஒரு தகட்டை மாத்திப் போட்டு உடம்பு ரெண்டு விதமான நொதி செய்யுது. ஒண்ணு தொடுற கொழுப்பை இன்னொண்ணு அவ்வளவாகச் சீண்டுவதில்லை.

‘அதனால எனக்கென்ன பாஸ்?’ என்று பக்கத்தைப் புரட்டாதீங்க. அந்தத் தகட்டில் ஓர் எழுத்து பிசகினால் ஒரு குழந்தை கற்றுக்கொண்ட பேச்சும் நடையும் திரும்பப் போய்விடும். அந்த வீட்டுக்குக் கிடைக்கும் ஜெனடிக் ரிப்போர்ட்டில் பதில் இருக்குமா இருக்காதா என்பது, சோதனை செய்பவர் எந்தத் தகட்டைப் பார்த்தார் என்பதைப் பொறுத்தது. நாளைக்கு அந்த லேபில் உட்காரப்போவது உங்களில் ஒருத்தராகவும் இருக்கலாம்.

நெல்லை விட நாம கம்மியா?

1941-ல் பீடில், டேட்டம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ரொட்டிப் பூஞ்சையில் ஆராய்ச்சி செய்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் ‘ஒரு ஜீன், ஒரு நொதி’ என்ற வாசகம். 1958-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் வந்தது. ப்ளஸ் டூ புத்தகத்தில் அடிக்கோடிட்டு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க.

அந்தக் கணக்கு சரியென்றால் மனுஷனுக்கு ஏகப்பட்ட ஜீன்கள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தபோது புரதம் செய்யும் ஜீன்கள் சுமார் 20 ஆயிரம்தான் தேறின. 2005-ல் நெல்லின் முழு ஜீனோமை வெளியிட்டார்கள். அதில் சுமார் 37 ஆயிரம். வயலில் நிற்கும் நெல்லுக்கு நம்மை விட ஜீன் ஜாஸ்தி!

குறைந்த ஜீனை வைத்துக்கொண்டு எப்படி சமாளிக்கிறோம் என்பதற்கான விடையின் ஒரு பகுதி 1977-லேயே கிடைத்துவிட்டது. ஃபிலிப் ஷார்ப், ரிச்சர்ட் ராபர்ட்ஸ் இருவரும் தனித்தனியாக ஒரு வைரஸைக் குடைந்தபோது, ஜீன் என்பது ஒரே நீட்டு வாக்கியம் இல்லை, நடுநடுவே வெட்டித் தள்ள வேண்டிய பகுதிகளும் இருக்கின்றன என்று தெரிந்தது. வைத்துக்கொள்ளும் துண்டு எக்ஸான், வெட்டி எறியும் துண்டு இன்ட்ரான். வெட்டி ஒட்டும் வேலைக்குப் பெயர் ஸ்ப்ளைசிங். இருவருக்கும் 1993-ல் நோபல்.

சினிமா எடிட்டிங் மாதிரிதான். ஷூட் பண்ணின ஃபிலிம் அத்தனையும் தியேட்டருக்கு வராது. எடிட்டர் வெட்டி ஒட்டினதுதான் படம். எல்லா நேரமும் அவர் ஒரே மாதிரி ஒட்டுவதில்லை என்பதுதான் சுவாரஸ்யம். ஓர் இடத்தில் ஒரு சீன், இன்னோர் இடத்தில் அதற்குப் பதில் வேறு சீன். இதுதான் ஆல்டர்நேட்டிவ் ஸ்ப்ளைசிங். தமிழில் ‘மாற்று ஒட்டு’ என்று வைத்துக்கொள்வோமே. பல எக்ஸான் கொண்ட நம் ஜீன்களில் 90 சதவிகிதத்துக்கும் மேல் இந்த வேலை நடக்கிறது என்று 2008-ல் வெளியான ஆய்வுகள் காட்டின.

ஆலங்குடி பஸ்ஸில் ஒரு கெமிஸ்ட்ரி கிளாஸ்

இனி கொழுப்புக்கு வருவோம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஆலங்குடி வழியா கீரமங்கலம் போற பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமா உட்காருங்க. வழியில் செம்மண் மானாவாரிக் கொல்லைகளில் கடலை. கீரமங்கலம் நெருங்க நெருங்கத் தென்னை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்தது போக மிஞ்சின மரங்களும், அப்புறம் நட்ட கன்றுகளும். ஒரே டிக்கெட்டில் ரெண்டு எண்ணெய்!

எண்ணெய் என்பது கொழுப்பு அமிலச் சங்கிலிகளின் கூட்டம். ஒவ்வொரு கண்ணியும் ஒரு கார்பன். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். நடுத்தர நீளம். கடலை எண்ணெயில் பெரும்பங்கு 16, 18 கார்பன் சங்கிலிகள். ஆனால் அதில் கொஞ்சமாக 20, 22, 24 கார்பன் வரை போகும் நெட்டைகளும் உண்டு. 20 கார்பன் ஆளுக்கு அராக்கிடிக் அமிலம் என்று பெயர். நிலக்கடலையின் தாவரவியல் பெயரான அராக்கிஸிலிருந்து வந்த பெயர் அது. நம்ம ஊர்க் கொல்லையில் விளையுறது உயிர்வேதியியல் புத்தகத்தில் பெயராக உட்கார்ந்திருக்கு, பார்த்தீங்களா?

இந்தச் சங்கிலிகளை உடம்பு எரிக்கும் முறை எளிது. ஒரு சுற்றுக்கு ரெண்டு ரெண்டு கார்பனாக நறுக்கும். சாதாரண நீளம் என்றால் மைட்டோகாண்ட்ரியாவே பார்த்துக்கொள்ளும். 22 கார்பனுக்கு மேல் போகும் நெட்டைகளை அது நேரடியாக எடுத்துக்கொள்ளாது. அவை முதலில் பெராக்ஸிசோம் என்ற குட்டிப் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே நீளம் குறைந்த பிறகுதான் மைட்டோகாண்ட்ரியா.

அந்தப் பட்டறையில் நேர்சங்கிலிகள் மேல் முதல் வெட்டைப் போடும் நொதிக்குப் பெயர் அசைல்-கோ-ஏ ஆக்ஸிடேஸ் 1. செல்லமாக ஏசிஓஎக்ஸ்-1. இந்த வார ஹீரோ இவர்தான். மொத்த வேலையின் வேகமும் இவர் கையில். இவர் ஒவ்வொரு முறை வெட்டும்போதும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு வெளியே வரும். அதை கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதி உடனே தண்ணீராக்கிவிடும்.

மூன்றாவது எக்ஸானில் ஒரு சஸ்பென்ஸ்

1987-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் எலியின் கல்லீரலில் இந்த ஜீனைப் பிரித்துப் படித்தார்கள். மூன்றாவது எக்ஸான் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எக்ஸான்கள் அருகருகே நின்றன. ஒன்று வந்தால் மற்றது வராது. இரண்டும் சேர்ந்து வரவே வராது. குழலில் ஒரே சமயத்தில் ரெண்டு அச்சுப் போட முடியாதே, அது மாதிரி.

1994-ல் மனித ஜீனையும் பிரித்தார்கள். செய்தது அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜனார்தன் ரெட்டியின் குழு. ரெட்டி இந்தியாவில் டாக்டருக்குப் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். பெராக்ஸிசோம் ஆராய்ச்சியில் பெரிய பெயர். ஜீன் இருந்த இடம் 17-வது குரோமோசோம். மனிதனிலும் அதே கதை, மூன்றாம் எக்ஸானுக்கு ரெண்டு அச்சு.

இப்படிக் கிடைக்கும் இரண்டு நொதிகளை 1ஏ, 1பி என்று அழைக்கிறார்கள். இரண்டுக்கும் நீளம் 660 அமினோ அமிலம். வித்தியாசம் ஐம்பது சொச்சம் அமிலங்கள் கொண்ட ஒரே ஒரு துண்டில் மட்டும். மீதி 600, எழுத்துக்கு எழுத்து ஒன்று.

இந்த இடத்தில் ஒரு நல்ல மாணவர் கை தூக்க வேண்டும். ‘சார், செல்லில் எத்தனையோ வெட்டு ஒட்டு தப்பாகவும் நடக்கும். ரெண்டு வடிவம் இருக்குன்னா ரெண்டுக்கும் வேலை இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?’ சபாஷ்! சரியான கேள்வி. செல்லில் தோன்றும் எல்லா மாற்று ஒட்டும் உருப்படியான புரதம் ஆவதில்லை. நிரூபிக்க மூணு படி ஏற வேண்டும்.

படி ஒன்று, சோதனைக் குழாய். இரண்டு நொதிகளையும் தனித்தனியாகச் செய்து, வெவ்வேறு நீளச் சங்கிலிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1ஏ நடுத்தர நீளத்தின் பக்கம் சாய்ந்தது. 1பி நீளமான சங்கிலிகளையும் சுறுசுறுப்பாக வெட்டியது. நொதியில் கொழுப்புச் சங்கிலி போய் உட்கார ஒரு பள்ளம் உண்டு. பள்ளத்தின் அளவும் வளைவும் எந்தச் சங்கிலி பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும். துண்டு மாறினால் பொருத்தமும் மாறும்.

படி இரண்டு, எலி. ரெட்டியின் குழு 1996-லேயே இந்த ஜீன் முடக்கப்பட்ட சுண்டெலிகளை உருவாக்கியிருந்தது. அவற்றுக்கு வளர்ச்சி குன்றியது, ஈரலில் கொழுப்பு சேர்ந்தது. 2010-ல் அவரும் ஃபிரான்ஸ், நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, அப்படிப்பட்ட எலிகளின் ஈரலுக்குள் மனித 1ஏ-வையும் 1பி-யையும் தனித்தனியாக அனுப்பிப் பார்த்தார்கள். ஈரலைத் தேற்றுவதில் கெட்டிக்காரன் 1பி-தான் என்று தெரிந்தது.

படி மூன்று, மனிதர்கள். இதுதான் மனசைப் பிசையும் படி.

அந்த ஒரு துண்டு உடைந்தால்...

ஏசிஓஎக்ஸ்-1 குறைபாடு மிக மிக அரிய நோய். மருத்துவ உலகம் இதை முதலில் விவரித்தது 1988-ல். குழந்தை பிறந்த சில நாளிலேயே உடம்பு துவண்டு கிடக்கும், வலிப்பு வரும். ஆனாலும் மெதுவாகத் தேறும். சில குழந்தைகள் உட்காரும், நடக்கும், ஒன்றிரண்டு வார்த்தை பேசும். அப்புறம் இரண்டு மூன்று வயது வாக்கில் கற்றதெல்லாம் ஒவ்வொன்றாகக் கழலும். பார்வை, காது, நடை, பேச்சு... வெட்டப்படாத நெட்டைச் சங்கிலிகள் ரத்தத்தில் ஏறி நிற்கும். மூளையின் வெள்ளைப் பகுதி பழுதாகும்.

2007-ல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள் இந்த நோய் உள்ள பலரின் ஜீனைப் படித்து வெளியிட்டார்கள். அதில் ஒரு பிழை, 1பி-க்கு மட்டுமே உரிய அந்த மாற்று எக்ஸானுக்குள் இருந்தது. அதாவது 1ஏ செய்யத் தேவையான எழுத்துகள் எல்லாம் அங்கே சரியாகவே இருந்தன. இருந்தும் நோய் வந்தது. நெட்டைச் சங்கிலிகளை வெட்டும் பொறுப்பு முக்கியமாக 1பி தலையில்தான், அந்த இடத்தை 1ஏ-வால் நிரப்ப முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஓர் எச்சரிக்கை. ‘அப்போ கடலை எண்ணெயை நிறுத்திட்டா சரியாயிடுமா?’ என்று கிளம்பிவிடாதீங்க. நம் உடம்பில் இருக்கும் நெட்டைச் சங்கிலிகளில் பெரும்பகுதி உடம்பே நீட்டி நீட்டித் தயாரிப்பது. 1992-ல் வந்த ‘லோரென்சோஸ் ஆயில்’ என்ற ஹாலிவுட் படம் இதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் வேறொரு ஜீன் பழுதாவதால் வரும் நோயைப் பற்றியது. அங்கேயும் சாப்பாட்டில் கை வைத்தால் மட்டும் போதவில்லை. ஆரோக்கியமாக இருக்கிறவங்க, ஆலங்குடிக் கடலையைத் தாராளமா கொறிக்கலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. இந்த நொதி அளவுக்கு மீறித் துள்ளினாலும் ஆபத்து. 2020-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அப்படி ஒரு பிழையை விவரித்தார்கள். நொதி ஓவர் டைம் பார்க்க, ஹைட்ரஜன் பெராக்ஸைடு பெருகி நரம்பைச் சுற்றியுள்ள செல்களைத் தாக்கியது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னாங்க!

ஒரே ஜீன், ரெண்டு டிபார்ட்மென்ட்

ஏசிஓஎக்ஸ்-1 மட்டும்தான் இப்படியா? இல்லை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ராய் சோபர்மன் குழு 1999-லும் 2001-லும் வெளியிட்ட இன்னொரு கதை இதைவிடத் தெளிவு. ஜீன் பெயர் சிஒய்பி-4எஃப்3. இதிலும் ரெண்டு அச்சு. மூன்றாம் எக்ஸான் அல்லது நான்காம் எக்ஸான், இரண்டில் ஒன்றுதான் உள்ளே வரும்.

ரத்த வெள்ளையணுவான நியூட்ரோஃபில் நான்காம் எக்ஸானைப் போடுகிறது. அப்போது வரும் நொதி, லியூக்கோட்ரையீன் பி4 என்ற கொழுப்புச் சேதியைக் குறிபார்த்து முடக்கும். அது ‘இங்கே கிருமி, எல்லாரும் ஓடி வாங்க’ என்று மற்ற வெள்ளையணுக்களைக் கூப்பிடும் சேதி. வேலை முடிஞ்சும் மைக்கை அணைக்காமல் விட்டால் வீக்கம் அடங்காது. மைக்கை அணைக்கிறவர்தான் இந்த நொதி.

கல்லீரல் அதே ஜீனில் மூன்றாம் எக்ஸானைப் போடுகிறது. இப்போது வரும் நொதிக்கு லியூக்கோட்ரையீன் மேல் அவ்வளவு பிடிப்பு இல்லை. அராக்கிடோனிக் அமிலத்தின் வால் நுனியில் ஆக்ஸிஜனை ஒட்டுவதில்தான் அதற்கு நாட்டம். (அராக்கிடிக், அராக்கிடோனிக் ரெண்டும் வேறு வேறு. பின்னதில் நாலு இரட்டைப் பிணைப்பு உண்டு. எக்ஸாமில் குழம்பிடாதீங்க!) ஒரே ஜீன், ஒரு செல்லில் அமைதிக் காவலர், இன்னொரு செல்லில் ரசாயனக் கொல்லர். ஆளை மாற்றாமல் டிபார்ட்மென்ட்டை மட்டும் மாற்றியிருக்கிறது இயற்கை.

மாமன் மகளும் மூன்றாம் எக்ஸானும்

நம்ம வீட்டு வாசலுக்கு வருவோம். ஏசிஓஎக்ஸ்-1 குறைபாடு வர, அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். ஒரு பிரதி மட்டும் பழுது என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆரோக்கியமா நடமாடுவார். அப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு.

ஊர்பேர் தெரியாத இரண்டு பேரிடம் ஒரே அரிய பழுது இருப்பது அபூர்வம். ஆனால் மாமன் மகள், அத்தை மகன் என்றால் இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி. அவர்களிடமிருந்து வந்த ஜீன்களில் எட்டில் ஒரு பங்கு பொதுவானது. அக்கா மகளைக் கட்டினால் நாலில் ஒரு பங்கு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாலில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை. புதுக்கோட்டைப் பக்கமும் ‘முறைப்பொண்ணு’ என்ற வார்த்தைக்கு இன்னும் உசிர் இருக்கு.

யாரையும் பயமுறுத்த இதைச் சொல்லலை. சொந்தத்தில் கட்டினவங்க குழந்தைகள் பெரும்பாலும் நல்லாவே இருக்காங்க. ஆனா குடும்பத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை இருந்து, காரணம் தெரியாமலேயே போயிருந்தால், ‘சாமி குத்தம்’ என்றும் ‘மருமக ராசி’ என்றும் பேசுவதற்கு முன்னால் கல்யாண வயதில் இருக்கும் நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். ஜெனடிக் கவுன்சலிங் என்று ஒரு வழி இருக்கு. பழுது இருவரிடமிருந்தும் சமமாக வருவது. பழி மட்டும் ஏன் ஒரு பெண் தலையில்?

சரி, டெஸ்ட் எடுத்தாச்சு. ரிப்போர்ட்டில் ஜீன் பெயருக்குப் பக்கத்தில் டிரான்ஸ்கிரிப்ட் என்று ஓர் எண் இருக்கும். எந்த ஒட்டை அடிப்படையாக வைத்துப் படித்தார்கள் என்பதற்கான எண் அது. 1ஏ ஒட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் 1பி-யின் எக்ஸான், வெட்டி எறியப்படும் இன்ட்ரானின் பகுதி மாதிரி தெரியும். அதில் பிழை இருந்தாலும் ‘முக்கியமில்லை’ என்று கடந்துவிடலாம். ஜீன் பெயர் சரி, நோயாளி சரி, மெஷின் சரி. ஆனாலும் பதில் நழுவிவிடும். ‘இந்த ஜீன் நார்மலா?’ என்று கேட்டால் போதாது, ‘இந்த ஜீனின் எல்லா ஒட்டும் நார்மலா?’ என்று கேட்க வேண்டும்.

கையோடு செய்து பாருங்க!

பயோகெமிஸ்ட்ரி, ஜுவாலஜி, மைக்ரோபயாலஜி ஸ்டூடன்ட்ஸ், உங்களுக்கு ஓர் ஓசி அசைன்மென்ட். யூனிபுராட் என்ற புரதத் தரவுத்தளம் இலவசம். நெட் இருந்தால் போதும். அதில் ஏசிஓஎக்ஸ்-1 என்று தேடி, மனிதனுடையதைத் தேர்ந்தெடுங்க. இரண்டு வடிவங்களின் வரிசையையும் எடுத்து, அலைன் பொத்தானை அழுத்திப் பாருங்க. பொருத்தமாகப் போய்க்கொண்டே இருக்கும் எழுத்துகள் 90-வது இடத்தை ஒட்டிக் கலைந்து, ஐம்பது எழுத்துக்கு அப்புறம் திரும்ப ஒன்று சேரும். அடுத்து சிஒய்பி-4எஃப்3-க்கும் அதையே செய்யுங்க. பக்கத்தில் பெஞ்ச்மேட்டை உட்கார வைத்து, எந்தத் துண்டு, எத்தனை எழுத்து, எந்தக் கொழுப்பு என்று மூணு காலம் போட்டு எழுதினால் செமினார் ரெடி.

வைவாவில் எக்ஸ்டர்னல் ‘ஒன் ஜீன், ஒன் என்ஸைம் யார் சொன்னது?’ என்று கேட்டால் பீடில், டேட்டம், 1941 என்று மரியாதையாச் சொல்லிடுங்க. அவர் அடுத்த கேள்விக்குப் போறதுக்குள்ள முறுக்குக் குழல் கதையையும் ஒரு வரியில் சேர்த்துடுங்க. மார்க் கூடுதோ இல்லையோ, அவர் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்காருவார்!

அடுத்த வாரம் வேற மேட்டரோட சந்திப்போம்.